வசையியல்: காண்டிகை உரையுடன்

பாயிரம்

நூல் செய்பவன் நூல் எழுந்த காரணத்தை முதலில் சொல்ல வேண்டும் என்பது மரபு. இந்நூல் எழுந்த காரணம் என் மகளின் பள்ளி டைரி. மகள் ஒன்றாம் வகுப்பு. ஒரு திங்கட்கிழமை, வீட்டுப்பாடக் கட்டத்துக்குக் கீழே சிவப்பு மையில், தங்கள் குழந்தை வகுப்பில் தகாத சொல் பேசினாள், பெற்றோர் நேரில் வரவும் என்று எழுதியிருந்தது. போனேன்.

"என்ன சொன்னா மேடம்?"

"அதை எப்படி சார் என் வாயால சொல்றது?"

பக்கத்து மேசை ஆசிரியையைத் துணைக்குப் பார்த்தார். அவர் ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்த்தார். கடைசியில் ஒரு தாளின் ஓரத்தைக் கிழித்து, எழுதி, நான்காக மடித்து, நாட்டு மருந்துக்கடைப் பொட்டலம்போல என் உள்ளங்கையில் வைத்தார். அதில் இருந்த சொல் ஒழிபியலில் வரும். இப்போதே சொன்னால் நூலுக்கு வேலை இல்லாமல் போகும்.

நான் அங்கே நின்ற பத்து நிமிடத்தில் அதே ஆசிரியை வகுப்புக்குள் எட்டிப் பார்த்து, "ஏய் எருமை, உட்காருடா" என்று இரண்டு முறை சொன்னார். அந்த எருமை யார் டைரியிலும் ஏறவில்லை. ஒரு சொல்லை மடித்துக் கொடுக்கிறார்கள். ஒரு சொல்லை வராந்தா முழுக்கக் கேட்கும்படி கூவுகிறார்கள். எது மடிக்கத்தக்கது, எது கூவத்தக்கது என்பதற்கு இலக்கணம் உண்டா என்று தேடப் புகுந்ததில் விளைந்தது இது.

முன்னோர் இத்துறையைத் தொடாமல் விட்டுவிடவில்லை. தொல்காப்பியர் செய்யுளியலில் அங்கதத்தை இரண்டாகப் பிரித்தார். நேராக வைதால் செம்பொருள். அதற்கு வசை என்றே பெயர். மறைத்து வைதால் பழிகரப்பு. சொல்லதிகாரத்தில், அவையில் சொல்லக் கூசும் சொல்லை மறைத்துச் சொல்லும்படி விதித்தார். பவணந்தியார் நன்னூலில் அதற்கு இடக்கரடக்கல் என்று பெயரிட்டு, மங்கலம், குழூஉக்குறி ஆகியவற்றுடன் தகுதி வழக்கில் சேர்த்தார். நம் காலத்தில் பெருமாள்முருகன் 'கெட்ட வார்த்தை பேசுவோம்' என்று தலைப்பிட்டு ஒரு நூலே எழுதியிருக்கிறார். அதை எங்கள் வீட்டு அலமாரியில் முதுகு உள்பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறோம். மகள் எழுத்துக்கூட்டத் தொடங்கிவிட்டாள்.

வகையியல்

வசை எத்தனை வகைப்படும் எனின், வைவார் எத்தனை வகையோ அத்தனை வகைப்படும். எல்லாவற்றையும் சொல்ல இடம் காணாது. மிக்கவற்றை மட்டும் சொல்வாம்.

முதலாவது, தன்வசை. கேட்பார் யாரும் இல்லாதபோது பிறப்பது. இருட்டில் கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொள்பவன் வைவது கட்டிலையா, தச்சனையா, தன்னையா என்பது ஆராய்ச்சிக்குரியது. இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் 2009 இல் இதை ஆராயவே செய்தார்கள். மாணவர்களைப் பனிக்கட்டித் தண்ணீரில் கைவிடச் சொன்னார்கள். கெட்ட வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னவர்கள், சாதாரணச் சொல்லைச் சொன்னவர்களைவிடக் கூடுதல் நேரம் தாக்குப்பிடித்தார்கள். இந்த ஆய்வுக்கு அடுத்த ஆண்டே சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் இக் நோபல் பரிசு கிடைத்தது; அதுவும் அமைதிப் பிரிவில். நம்மவர் விரலை இடித்துக்கொண்டால் முதலில் "அம்மா!" என்பர். கோபம் வந்தால் அப்போதும் அம்மாதான், ஆனால் அடுத்தவனுடையவள். வலிக்குத் தன் தாய், சினத்துக்குப் பிறன் தாய் எனக் கொள்க.

இரண்டாவது, வழிவசை. சாலையில் நிகழ்வது. சென்னையில் குறுக்கே பாய்ந்தவனைப் பார்த்து ஆட்டோக்காரர் பிரேக்கை மிதித்தபடி கேட்பார்: "இன்னா, வூட்ல சொல்ட்டு வந்தியா?" இதில் ஒரு கெட்ட வார்த்தையும் கிடையாது. ஒரு குடும்ப நலவிசாரிப்பு, அவ்வளவே. ஆனால் நீ இன்று சாகப்போகிறாய், அதை வீட்டாருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டாயா என்பது உட்பொருள். பழிகரப்பு அங்கதத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை எந்த உரையாசிரியரும் காட்டியதில்லை. "சாவுகிராக்கி" என்பது இதன் உடன்பிறப்பு: சவாரிக்கு வரும் கிராக்கி போல, சாவுக்கு வந்த கிராக்கி.

வழிவசையின் சொற்களைக் கொச்சை என்று ஒதுக்குவோர் அவற்றின் குலமுறை அறியார். "பேமானி" என்பது ஈமான் இல்லாதவன், அதாவது நாணயம் கெட்டவன் என்று பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்து இறங்கியது. "கஸ்மாலம்" இன்னும் மேலான இடம்: கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் வில்லைப் போட்டுவிட்டு உட்கார்ந்த அர்ச்சுனனைப் பார்த்துக் கண்ணன் பேசும் முதல் பேச்சிலேயே அந்தச் சொல் இருக்கிறது. தேரோட்டி சொன்னால் கீதை, ஆட்டோ ஓட்டி சொன்னால் கெட்ட வார்த்தை. "புறம்போக்கு" வருவாய்த் துறையின் கொடை. தீர்வை விதிக்கப்படாத நிலத்துக்குப் பெயர். ஒருவனைப் புறம்போக்கு என்று வைபவன், உன்னால் அரசாங்கத்துக்கு ஒரு பைசா வரும்படி கிடையாது என்கிறான். வட்டாட்சியர் அலுவலகத்தில் அதே சொல்லுக்கு முத்திரை குத்தித் தருவார்கள்.

மூன்றாவது, தாய்வசை. இத்தொகை இருவழி விரியும்: தாய் வைகிற வசை, தாயை வைகிற வசை. முன்னதை முதலில் சொல்வாம்.

தென்மாவட்டத்துத் தாய்மாரின் வசை, மருத்துவ வரலாறு எழுதுவோர் படிக்க வேண்டிய ஆவணம். "கழிச்சல்ல போவான்", "பேதியில போறவன்", "கொள்ளையில போவான்" என்று ஊரை அள்ளிக்கொண்டு போன நோய்கள் எல்லாம் அதில் வரிசையாக உண்டு. 2020 இல் ஒரு பெருநோய் வந்து உலகத்தையே கதவடைக்கச் செய்தது. ஆனால் "கொரோனாவில போவான்" என்று எந்தத் தாயும் பிள்ளையைத் திட்டி நான் கேட்டதில்லை. மெய்யாகவே நடந்துவிடக்கூடியதை யாரும் வாயால் சொல்வதில்லை. கழிச்சலுக்கு மருந்து வந்த பிறகுதான் அது செல்லத் திட்டானது போலும்.

இவ்வசைக்கு ஒரு முறிவும் அவர்களே கண்டுவைத்திருக்கிறார்கள். "நாசமத்துப் போவான்" என்பார்கள். வேகத்தில் கேட்டால் சாபம். பிரித்துப் பார்த்தால் நாசம் அற்றுப் போவான், அதாவது ஒரு கேடும் இல்லாமல் நன்றாயிருப்பான். கோபம் தீரவும் வேண்டும், பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடவும் கூடாது. ஒரே மூச்சில் வைது வாழ்த்தும் இந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவளுக்கு நன்னூலாரும் கைகட்டி நிற்பார்.

பின்னதாகிய, தாயை வைகிற வசையில் இவ்வளவு நயம் இல்லை. சண்டை இரண்டு ஆண்களுக்குள். காரணம் வண்டி நிறுத்தும் இடம். ஆனால் அடிபடுபவள் அந்த இடத்திலேயே இல்லாத, பெரும்பாலும் வேறெங்கோ அடுப்பங்கரையில் நிற்கிற ஒரு கிழவி. தமிழில் அச்சேறாத வசைகளில் பெரும்பகுதி இந்த வகை. நான் படித்த பள்ளியில் தமிழாசிரியர் ஒருவர், சண்டை போடும் பையன்களைப் பிடித்தால், "அவன் அம்மா உன்னை என்னடா பண்ணாங்க?" என்று மட்டும் கேட்பார். வேறு தண்டனை கிடையாது. பையன்கள் யோசிப்பார்கள். பதில் இருக்காது. அடுத்த வகுப்பு இடைவெளியில் மறுபடி அதே அம்மா.

ஆயினும் இவ்வகைக்கு ஒரு இலக்கணப் பெருமை உண்டு, அதை மறைக்கலாகாது. தமிழில் மெய்யெழுத்து எதுவும் மொழிக்கு முதலாகாது. ஙகரமோ, அங்ஙனம், இங்ஙனம் போன்றவற்றில் சுட்டையும் வினாவையும் பிடித்துக்கொண்டு வந்தாலன்றித் தலைகாட்டவே முடியாத எழுத்து. அரிச்சுவடியில் அணிலும் ஆடும் இலையும் படத்தோடு நிற்க, ஙகரத்துக்கு எதை வரைவது என்று ஓவியர் தலையைச் சொறிவார். இப்படி ஆயிரம் ஆண்டுகள் வாசலில் நின்ற ஙகரத்தைப் புள்ளியோடு, அதாவது இரட்டைக் குற்றத்தோடு, சொல்லின் முதலில் உட்காரவைத்தது வசை ஒன்றே. "ங்கொய்யால" என்பதைக் காண்க. "உங்க" என்பதன் முதலெழுத்துக் கெட்டு நின்றதால் இதை முதற்குறை என்க. மீதியும் உருமாறிவிட்டதால் எந்த உறுப்பு எங்கே போனது என்று சொல்பவனுக்கே தெரியாது; ஆகவே குழந்தைகள் நிகழ்ச்சியிலும் ஒலிக்கிறது.

நான்காவது, ஆசான் வசை. டைரியில் ஏறாத எருமைக்கு இங்கே விடை கிடைக்கிறது. அதற்கு நூலாதாரம் உண்டு. நன்னூல் பாயிரம் மாணாக்கரை மூவகையாகப் பிரிக்கிறது. அன்னமும் பசுவும் போன்றவர் தலை. மண்ணும் கிளியும் போன்றவர் இடை. ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி போன்றவர் கடை. நெய்யரி என்பது என்னவென்றால் நெய் வடிகட்டும் பன்னாடை. நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆக, "எருமை", "பன்னாடை" இரண்டும் ஏறத்தாழ 800 ஆண்டுகளாக நடப்பிலிருக்கும் கல்வித்துறைக் கலைச்சொற்கள். ஓட்டைக்குடம் மட்டும் ஏனோ வழக்கொழிந்தது. பிளாஸ்டிக் குடம் வந்ததால் இருக்கலாம்.

ஐந்தாவது, இறைவசை. சுந்தரர் தம் திருமணத்தைத் தடுத்து வழக்காடிய கிழவரைப் பித்தன் என்று வைதார். கிழவர் சிவன் என்று தெரிந்த பிறகு, என்ன பாடுவது என்று திகைத்தவரிடம், நீ என்னைத் திட்டிய சொல்லிலேயே தொடங்கு என்றாராம் இறைவன். திருவெண்ணெய்நல்லூரில் பிறந்த அந்த முதல் பதிகத்தின் முதல் சொல் ஒரு வசை. காளமேகம் நிந்தாஸ்துதி என்று இதை ஒரு தனிக் கலையாகவே ஆக்கினார். கொடுங்கல்லூர் பகவதி கோயிலில் மீனப் பரணியின்போது அடியார்கள் கூட்டம் கூட்டமாக வந்து, வீட்டில் வாய்திறந்து சொல்ல முடியாதவற்றைத் தாளம் போட்டு அம்மன் முன்னால் பாடுவார்கள். தெய்வங்கள் எவையும் இதுவரை பெற்றோரை நேரில் வரச் சொன்னதாகத் தெரியவில்லை.

நட்பு வசை உண்டு. அதை விளக்கத் தேவையில்லை. நண்பன் மரியாதையாகப் பேசத் தொடங்கினால் கடன் கேட்கப்போகிறான் என்று அறிக.

மறைப்பியல்

இனி, குழந்தை முன் வசையை மறைக்கும் நெறி.

முதல் தலைமுறை மறைத்தது ஆங்கிலத்தால். பெரியவர்கள் பேச வேண்டியதை எழுத்துக்கூட்டி ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். குழந்தைகளை ஆங்கில வழிப் பள்ளியில் சேர்த்த நாளோடு அந்தக் கோட்டை விழுந்தது. இப்போது எங்கள் வீட்டில் ரகசியம் பேச நல்ல தமிழ்தான் பாதுகாப்பு. "அந்தக் கயவனின் இழிசெயல்" என்று என் மனைவி ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னாள். மகள் நிமிரவே இல்லை.

ஆங்கில வசைக்கு நம் மூக்கில் நாற்றம் இல்லை என்பதும் கருதத்தக்கது. பிள்ளை "பீ" என்றால் வாயில் போடும் தாய், பால் பொங்கி வழிந்தால் தானே மூன்று முறை "ஷிட்" என்பாள். பொருள் ஒன்றே, ஊர்தான் வேறு. தமிழுக்குள்ளேயும் இப்படி விழுந்த சொற்கள் உண்டு. வள்ளுவர் மானத்தைப் பற்றிய அதிகாரத்திலேயே மயிர் என்று கூசாமல் எழுதினார். இன்று முடிதிருத்தும் நிலையத்தில் அச்சொல்லைச் சொல்லிப் பாருங்கள், கத்தி நிற்கும். அரசன் தலையில் இருந்த முடி இறங்கி வந்து எல்லார் தலையிலும் உட்கார்ந்துகொள்ள, மயிர் வீதிக்குப் போனது.

அரசாங்கமும் ஒரு தகப்பன்போலவே மறைக்கிறது. தணிக்கை வாரியம் திரைப்படத்தில் சொல்லை ஊமையாக்கும். உதடு அசையும், திரையரங்கு முழுக்க அந்த இடத்தைத் தன் குரலால் நிரப்பும். 2015 டிசம்பரில் 'பீப்' ஒலியால் மூடப்பட்ட ஒரு பாட்டுக்காக ஊரே கொந்தளித்தது. மூடியிருந்தும் கொந்தளித்தது என்றால், மூடியை எல்லாரும் திறந்து பார்த்திருக்கிறார்கள் என்று பெறப்படும். 2023 இல் ஒரு வலைத்தொடர் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி, அதைப் பார்க்கத் தாம் காதில் கருவி மாட்டிக்கொள்ள நேர்ந்தது என்று தீர்ப்பிலேயே எழுதினார். அடுத்த ஆண்டு மார்ச்சில் உச்ச நீதிமன்றம், கொச்சைச் சொல் என்பதாலேயே அது ஆபாசம் ஆகிவிடாது என்று அந்தத் தீர்ப்பை மாற்றியது. பாட்டி காதைப் பொத்தினாள், கொள்ளுப்பாட்டி கையை எடுத்துவிட்டாள்.

மறைக்கவே கூடாத இடமும் ஒன்று உண்டு. அது காவல் நிலையம். பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டினால் பழைய சட்டத்தில் 294(பி). 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 296. மூன்று மாதம் வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் திட்டிய சொல் இன்னதென்று புகாரில் இல்லை என்று உயர் நீதிமன்றம் இத்தகைய வழக்குகளைப் பலமுறை தள்ளியிருக்கிறது. எனவே சொல் வேண்டும், முழுசாக வேண்டும். எங்கள் குடியிருப்பில் கார் நிறுத்தும் தகராறில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவருக்குத் துணையாக ஒருமுறை போனேன். அவர் "தகாத வார்த்தை" என்பதைத் தாண்டி வாயைத் திறக்க மறுத்தார். ரைட்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஓட்டல் சர்வர் டிபன் பட்டியல் ஒப்பிப்பது போல, முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் ஏழெட்டுச் சொல்லை வரிசையாகச் சொன்னார். "வழக்கமா வர்றது இவ்ளோதான் சார். இதுல எது?" அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு, "மூணாவது" என்றார்.

மறையாதவை

அஃதேல், குழந்தை முன் நாம் மறைக்காமல் சொல்பவை எவை எனின், அவை கீழ்வருவன. சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் வீட்டில் யாருக்கும் கூச்சமில்லை.

உடம்பின் ஒரு பகுதியைச் சொன்னால் வாயில் அடி விழும். உடம்பின் குறையைச் சொன்னால் விழாது. நொண்டி, செவிடு, குண்டு, கருப்பி என்பவை எந்த டைரியிலும் ஏறியதில்லை. என் உறவில் ஒரு பெரியவர், பேரன் "ச்சீ" என்றால்கூட முகம் சுளிப்பார். ஆனால் அழுக்குச் சட்டையோடு வந்த பிள்ளையைப் பார்த்து ஒரு சாதியின் பெயரைச் சொல்லி, அவன் மாதிரி வந்திருக்கியே என்பார். சிரித்துக்கொண்டே சொல்வார். "சண்டாளன்" என்பதை நாம் எத்தனை முறை சினிமாவிலும் சமையலறையிலும் கேட்டிருப்போம். அது தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகளின் வரிசையில் இருக்கும் ஒரு பெயர். அதை வசையாகப் பயன்படுத்தாதீர்கள் என்று மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் 2024 இல் சொல்ல வேண்டியிருந்தது. அது செய்தியான அன்று எங்கள் வீட்டு வாட்ஸப் குழுவில் எழுந்த கேள்வி, "இதுகூடக் கெட்ட வார்த்தையா?" என்பது. கேட்டவர்கள் எல்லாரும் பட்டதாரிகள்.

எனவே இந்நூலாசிரியன் துணிபு இது. நம் வீடுகளில் கெட்ட வார்த்தை என்பது சொல்பவன் வாய் நாறுகிறதா என்று பார்த்து முடிவாகிறது. கேட்பவனுக்கு எங்கே வலிக்கும் என்று பார்த்து அல்ல. உடம்புச் சொல் ஒருவரையும் பிறப்பால் கீழே தள்ளுவதில்லை, அதற்கு எட்டுப் பூட்டு. தள்ளுகிற சொல் முற்றத்தில் விளையாடுகிறது. குழந்தையோ இரண்டையும் ஒரே காதால் கேட்கிறது. எதைச் சொன்னால் பெரியவர்கள் பதறுகிறார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறது. பதறாததைப் பள்ளிக்கு எடுத்துப் போகிறது.

ஒழிபு

மடித்த காகிதத்தை மாடிப்படியில் வைத்துப் பிரித்தேன். உருண்டையான, அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது: மூதி.

நெல்லைச் சீமையார் அறிவர். மூதேவி என்பதன் சுருக்கம். மூதேவி யாரென்றால் திருமகளின் அக்காள். குறள் அவளைத் தவ்வை என்கிறது. பல்லவர், பாண்டியர் காலத்தில் கோயில்களில் சிலையோடு வீற்றிருந்து பூசை வாங்கியவள். பிற்காலத்தில் கோயிலை விட்டு இறங்கி எங்கள் அம்மா வாய்க்கு வந்து சேர்ந்தாள். அம்மா விடுமுறைக்கு வந்து இரண்டு மாதம் தங்கியிருந்தாள். "ஏ மூதி, சாப்பிட வா." "ஏ மூதி, ஆச்சிக்கி ஒரு முத்தங் குடு." மகள் அதைத் தன் உயிர்த்தோழிக்குப் பரிசாகக் கொண்டு போயிருக்கிறாள். தோழி அழுதிருக்கிறாள்.

அன்று இரவு அம்மாவுக்குப் போன் செய்து, பக்குவமாக விஷயத்தைச் சொன்னேன்.

"அப்பம் பிள்ளைய நா என்னன்னு கூப்புட?" என்றாள்.

"பேரு வச்சிருக்கோம்லாம்மா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சரி, குடு அவகிட்ட" என்றாள்.

மகளிடம் கொடுத்தேன். அம்மா வழக்கத்துக்கு மாறாக மெதுவாகவும் திருத்தமாகவும் பேசியது எனக்குக் கேட்டது. பெயரை முழுதாகச் சொல்லி அழைத்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள். நன்றாகப் படி என்றாள். மகள் இரண்டு முறை "ம்" சொன்னாள். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, ஆச்சிக்கு எம்மேல என்ன கோவம்?"